அன்னபூரணி, ஃப்ளாரன்ஸ் ஆன கதை

'கேஸினோ ராயல்' பார்த்திருப்பீர்கள். 2006-ல் வந்தது. டேனியல் க்ரெய்க் முதன்முதலில் ஜேம்ஸ்பாண்ட் வேஷம் கட்டிய படம். சீட்டாட்டம், விஷம், அடிதடி எல்லாம் ஓய்ந்த பிறகு பாண்டும் காதலி வெஸ்பரும் ஒரு பாய்ப் படகில் வெனிஸ் நகரத்துக்குள் நுழைவார்கள். தேன் நிறத்தில் மின்னும் மர உடம்பு. கத்தி மாதிரி நீண்டு ஒடுங்கிய முகப்பு. '1930-களில் ஏதோ ஒரு பிரபு வைத்திருந்த படகு போலிருக்கிறது, எங்கேயோ தேடிப் பிடித்திருக்கிறார்கள்' என்றுதான் தோன்றும்.

அதுதான் இல்லை. அது இந்தக் காலத்துப் படகு. அந்த ரகத்துக்குப் பெயர் ஸ்பிரிட் 54. இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊரில் இருக்கும் ஸ்பிரிட் யாட்ஸ் கம்பெனியின் தயாரிப்பு. (இப்ஸ்விச், ஸ்பிரிட். இந்த இரண்டு பெயர்களையும் ஒரு ஓரமாக முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஒரு சந்தர்ப்பத்தில் திரும்ப வரும்.)

இப்படிப் புதிதாகக் கட்டப்படும் 'பழைய' படகுகளில் ஒரு சூட்சுமம் உண்டு. நிஜமான பழைய பாய்க் கப்பலில் அடிமரம் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரே முதுகெலும்பாக ஓடும். சுக்கான் அதன் வால் நுனியில் தொங்கும். புதிய படகில், தண்ணீருக்கு மேலே எல்லாம் அதே பழைய அழகு. கீழே குனிந்து பார்த்தால் சுறா மீன் துடுப்பு மாதிரி ஒல்லியாக ஒரு தகடு, அதன் அடியில் ஈயக் குண்டு, தனியாக ஒரு சுக்கான். வேகமாகப் போகும், சட்டென்று திரும்பும். மேலே பாட்டி, கீழே பேத்தி!

இது சின்ன சமாசாரம். பெரிய இடத்துக் கதை கேளுங்கள். 'அட்லாண்டிக்' என்று ஒரு மூன்று பாய்மரக் கப்பல். 1903-ல் கட்டப்பட்ட உல்லாசக் கப்பல். 1905-ல் ஜெர்மன் கெய்சர் வைத்த பந்தயத்தில் சார்லி பார் என்ற கேப்டன் இதை ஓட்டி, பெயருக்கேற்றபடி அட்லாண்டிக் சமுத்திரத்தை 12 நாள் 4 மணி நேரத்தில் கடந்தார். அந்தச் சாதனையை உடைக்க 1980 வரை ஆகியிருக்கிறது. சாதனை உடைந்த இரண்டு வருஷத்தில், 1982-ல், அந்தக் கப்பலையே உடைத்துக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். அப்புறம்? நெதர்லாந்தில் அதே மாதிரி ஒன்றை முதலிலிருந்து கட்டி 2010-ல் கடலில் விட்டார்கள். அசலை உடைத்தார்கள், நகலுக்குக் கோடிகளைக் கொட்டினார்கள்.

நான் பி.காம் படித்தவன். எனக்குக் கப்பலைப் பார்த்தாலும் பேரேடுதான் ஞாபகம் வரும். கணக்குப்பதிவியலில் தேய்மானம் என்று ஒரு தலைப்பு உண்டு. எந்தச் சொத்தானாலும் வருஷா வருஷம் அதன் மதிப்பில் கொஞ்சம் கழித்துக்கொண்டே வரவேண்டும். கடைசியில் மிஞ்சுவது பழைய இரும்பு விலை. ஆனால் பழசுக்கு ஒரு விசித்திரமான குணம் இருக்கிறது. அது உழைக்கிற வரைக்கும்தான் தேய்மானம். உழைப்பதை நிறுத்தி, ஒரு நல்ல இடைவெளியும் விட்டால், அதே பொருளின் விலை ஏற ஆரம்பித்துவிடுகிறது. எந்தப் பாடப் புத்தகத்திலும் இந்தப் பதிவுக்கு உதாரணக் கணக்கு கிடையாது.

எங்கள் குன்னம் பக்கம் வந்தால் உதாரணத்தைக் கண்ணால் பார்க்கலாம். குன்னம் தெரியாதவர்களுக்கு: பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையில், மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் வானம் பார்த்த பூமி. கடல் பார்க்க வேண்டுமென்றால் பஸ் மாறி மாறிப் போகவேண்டும். எங்கள் வட்டாரத்தில் கடைசியாகக் கடல் இருந்தது டைனோசர் காலத்தில். அதற்குச் சாட்சியாக ஓடைகளில் நத்தை போலச் சுருண்ட கல் கிடைக்கும். சாத்தனூரில் ஒரு முழு மரமே கல்லாகிப் படுத்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊர்க்காரன் கப்பலைப் பற்றி எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் மாட்டுவண்டி தெரியுமே!

ஒரு வண்டிச் சக்கரம் செய்வது சாமானிய வேலை கிடையாது. நடுவில் குடம். அதிலிருந்து புறப்படும் ஆரக்கால்கள். அவற்றைப் பிடித்து நிற்கும் வட்டை. கடைசியாக இரும்புப் பட்டா. பட்டாவை வட்டையைவிடக் கொஞ்சம் சின்னதாகவே அடித்து, எருமுட்டி அடுக்கி நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, அது விரிந்திருக்கும்போது சக்கரத்தில் மாட்டி, உடனே தண்ணீரைக் கொட்டுவார்கள். 'உஸ்ஸ்' என்று இரும்பு சுருங்கி, மொத்தச் சக்கரத்தையும் முஷ்டி மாதிரி இறுக்கிவிடும். எவ்வளவு சின்னதாக அடிக்கவேண்டும் என்பது ஆசாரியின் கண்ணில் இருக்கும். எழுதி வைத்த அளவு கிடையாது. டிராக்டர் வந்தது, டயர் வண்டி வந்தது, பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. சக்கரங்கள் கொட்டகைச் சுவரில் சாய்ந்து கிடந்தன. இன்று அதே சக்கரம் வார்னிஷ் அடித்துக்கொண்டு நட்சத்திர ஹோட்டல் வரவேற்பறையில் கண்ணாடி மேஜைக்குக் காலாக நிற்கிறது. காரைக்குடி வீட்டுத் தூண்கள் பெயர்ந்து போய் கிழக்குக் கடற்கரைச் சாலை பங்களாக்களில் நிற்பதும் இதே கதைதான்.

வாங்குகிறவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவராவது வாங்குகிறார். எனக்கு இருக்கும் கேள்வி வேறு. அந்த சக்கரத்தைச் செய்யத் தெரிந்த கை என்ன ஆனது?

இந்தக் கேள்விக்கு ஒரு கப்பல் கதை இருக்கிறது. தமிழர்கள் கட்டிய கப்பல்.

*

அமெரிக்காவில் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்று ஒரு மனிதர். 1902-ல் பிறந்தவர். இன்ஜினீயர். நியூயார்க்கில் வேலை. சம்பளம், வாடகை, ரயில் என்று ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் திடீரென்று ஒரு படகு வாங்கினார். நீளம் வெறும் 32 அடிச் சொச்சம். ஒரு டவுன் பஸ் அளவு. அதற்கு 'ஸ்வாப்' என்று பெயர் வைத்தார். சம்ஸ்கிருத வார்த்தை, கனவு என்று அர்த்தம் என்றார். 1928-ல் கிளம்பியவர் உலகத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு 1931-ல்தான் வீடு திரும்பினார். அதுவரை உலகைச் சுற்றிய படகுகளிலேயே மிகச் சிறியது அதுதான் என்று பத்திரிகைகள் கொண்டாடின. புத்தகம் எழுதினார். பிரபலமானார்.

பிரபலமானால் பெண் கொடுக்க வருவார்கள் அல்லவா? 1933-ல் ஃப்ளாரன்ஸ் க்ரேன் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். மாமனார் வீடு லேசுப்பட்டதல்ல. பைப், வால்வு, குளியலறைச் சாமான்கள் தயாரித்து அமெரிக்காவெங்கும் விற்ற க்ரேன் கம்பெனிக் குடும்பம். மாசசூசெட்ஸ் மாகாணத்தில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு குன்றின்மேல் 59 அறைகள் கொண்ட மாளிகை. ஊர் பெயர்? இப்ஸ்விச்! இங்கிலாந்து இப்ஸ்விச் பெயரையே குடியேறியவர்கள் அங்கேயும் வைத்திருந்தார்கள்.

புது மனைவியோடு ராபின்சன் மறுபடியும் ஸ்வாப்பில் கிளம்பினார். கலாபகோஸ் தீவுகளில் அவருக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. டாக்டர் இல்லை, மருந்து இல்லை, ஆள் நடமாட்டமே இல்லாத இடம். தற்செயலாக அந்தப் பக்கம் வந்த மீன்பிடிக் கப்பலில் ரேடியோ இருந்தது. செய்தி பனாமாவுக்குப் போக, அமெரிக்க ராணுவம் விமானத்தில் டாக்டரை அனுப்பியது. பின்னாலேயே கடற்படைக் கப்பல் வந்து அவரை ஏற்றிச் சென்றது. 1934-ல் இது பரபரப்புச் செய்தி. மனிதர் பிழைத்தார். ஆனால் ஸ்வாப் கைவிட்டுப் போயிற்று.

உயிர் தப்பியவர் கடலை விட்டாரா? இப்ஸ்விச்சில் சொந்தமாகக் கப்பல் கட்டும் தளம் தொடங்கினார். அதுவும் எப்படிப்பட்ட கப்பல்? பாட்டன் காலத்து வடிவத்தில் மரக் கப்பல்கள். பக்கத்து ஊரான எஸ்ஸெக்ஸில் மூன்று நூற்றாண்டாக மரக்கலம் கட்டியவர்கள் இருந்தார்கள். ஆனாலும் ராபின்சனுக்கு ஒரு ஏக்கம். பழைய முறையில் கப்பல் கட்டுவதை ஒரு பாணியாகச் செய்யாமல், அன்றாடப் பிழைப்பாக இன்னமும் செய்துகொண்டிருக்கும் மனிதர்கள் உலகில் எங்கேயாவது இருக்கிறார்களா?

இருந்தார்கள். நமக்கு ரொம்பப் பக்கத்தில்.

*

வல்வெட்டித்துறை என்றதும் உங்களுக்கு ஒரு பெயர் ஞாபகம் வரும். அவர் 1954-ல் பிறப்பதற்குப் பல தலைமுறைகள் முன்பே அந்த ஊர் வேறொரு காரியத்துக்காகப் பெயர் வாங்கியிருந்தது. கப்பல்.

யாழ்ப்பாணத்தின் வடக்கு விளிம்பில் இருக்கிறது வல்வெட்டித்துறை. எதிரே கடலைத் தாண்டினால் நம்முடைய கோடியக்கரை, நாகப்பட்டினம். அந்த ஊர்க்காரர்கள் சொந்தத்தில் கப்பல் கட்டி, சொந்தத்தில் ஓட்டி, நாகப்பட்டினம், காக்கிநாடா, ரங்கூன் வரை சரக்கேற்றிப் போய்வந்தார்கள். பர்மா அரிசி, தேக்கு, புகையிலை, ஓடு எல்லாம் இந்தக் கப்பல்களில்தான் ஏறி இறங்கின. கப்பல் தலைவருக்குத் 'தண்டையல்' என்று பெயர். மரியாதையான சொல். ஊரில் தண்டையல் வீடு என்றால் தனி மதிப்பு.

கப்பல் கட்டும் மேஸ்திரிகளிடம் வரைபடம் கிடையாது. மணலில் ஏரா மரத்தைப் போடுவார்கள். ஏரா என்றால் கப்பலின் முதுகெலும்பு. அதற்கு விலா எலும்புகள், விலாவுக்கு மேல் பலகை. பலகைகளுக்கு நடுவில் இருக்கும் இடுக்குகளில் பஞ்சும் கயிற்று நாரும் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசி அடைப்பார்கள். நம் தூத்துக்குடி, ராமநாதபுரம் கரையில் இந்த வேலைக்குக் 'கலப்பத்து' என்று பெயர். கலப்பத்து சரியில்லை என்றால் கப்பல் நடுக்கடலில் தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிடும். இதெல்லாம் அப்பன் மகனுக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த சமாசாரங்கள். குன்னத்து ஆசாரியின் பட்டா அளவு மாதிரி.

அங்கே கட்டப்பட்டு நின்ற ஒரு கப்பல்தான் 'அன்னபூரணி அம்மாள்'. சுமார் 89 அடி நீளம், 19 அடி அகலம், இரண்டு பாய்மரம். வேப்பமரத்தில் கட்டியது. இன்ஜின் கிடையாது. அரிசி ஏற்றுகிற கப்பலுக்குச் சோறு போடும் அம்மனின் பெயர். இதைவிடப் பொருத்தமாக யாரால் பெயர் வைக்க முடியும்?

ராபின்சன் இந்தக் கப்பலை விலைக்கு வாங்கினார்.

வாங்கியாயிற்று, சரி. எப்படி அமெரிக்கா கொண்டுபோவது? பிரித்து மூட்டை கட்டியா? அதெல்லாம் இல்லை. ஓட்டிக்கொண்டு போவதுதான்! தண்டையல் தம்பிப்பிள்ளையின் தலைமையில், விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய வல்வெட்டித்துறை மாலுமிகள் கிளம்பினார்கள். 1937-ம் வருஷத் தொடக்கம். கொழும்பு, ஏடன், செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக்கடல், ஜிப்ரால்டர், பிறகு அட்லாண்டிக், பெர்முடா. கடைசிக் கட்டத்தில் அமெரிக்காக்காரரான கேப்டன் மக்குயிஷ் கூட இருந்தார். 1938 ஆகஸ்ட் தொடக்கத்தில் மாசசூசெட்ஸின் க்ளாஸ்டர் துறைமுகத்தில் அன்னபூரணி நங்கூரம் போட்டாள். ஒன்றரை வருஷம்.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ரங்கூன் வரை போய்வந்து பழகியவர்கள். அட்லாண்டிக்கின் அலை எப்படி இருக்கும், குளிர் எப்படி இருக்கும் என்று ஊரில் சொல்ல ஆளில்லை. பாய் மட்டும்தான் துணை. கொலம்பஸ் மூன்று கப்பலோடு போனதை நாம் பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்குப் படித்தோம். தம்பிப்பிள்ளை ஒரே ஒரு வேப்பமரக் கப்பலில், கொலம்பஸைவிட எத்தனையோ மடங்கு தூரம் போனதை எந்தப் பாடத்திலும் படித்த ஞாபகம் எனக்கு இல்லை. உங்களுக்கு இருக்கிறதா?

க்ளாஸ்டரில் கூட்டம் கூடிவிட்டது. பாஸ்டன் பத்திரிகைகள் செய்தி போட்டன. க்ளாஸ்டர்வாசிகளுக்குப் பாய்க்கப்பல் புதிதல்ல. அவர்களே பரம்பரைப் பாய்க்கப்பல் மீனவர்கள். ஆனால் அந்த ஊரிலும் அப்போது டீசல் இன்ஜின் வந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தது. அன்னபூரணி வந்து சேர்ந்து இரண்டு மாதம் கழித்து, 1938 அக்டோபரில், கனடாவின் 'ப்ளூநோஸ்', க்ளாஸ்டரின் 'கெர்ட்ரூட் தீபாட்' என்ற இரண்டு மீன்பிடிப் பாய்க்கப்பல்களுக்கும் போட்டி நடந்தது. ப்ளூநோஸ் ஜெயித்தது. அந்த வகைப் பந்தயத்தில் அதுதான் கடைசி. அதாவது, அமெரிக்கா தன்னுடைய பாய்க்கப்பல்களுக்குக் காரியம் செய்துகொண்டிருந்த வருஷத்தில், துக்க வீட்டு வாசலில் வந்து இறங்கிய உறவுக்காரி போல, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு உயிருள்ள பாய்க்கப்பல் வந்து நின்றிருக்கிறது.

நம்மவர்கள் கப்பலை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். கப்பலுக்குப் புதுப் பெயர் வைக்கப்பட்டது: 'ஃப்ளாரன்ஸ் சி. ராபின்சன்'. முதலாளியம்மா பெயர். கப்பலுக்குப் பெயர் மாற்றினால் ஆகாது என்று வெள்ளைக்கார மாலுமிகள் மத்தியில் ஒரு நம்பிக்கை உண்டு. ஆகுமோ ஆகாதோ, கப்பல் கெட்டிக்காரி. அடுத்த பயணத்துக்குத் தயாரானாள்.

இந்த முறை கேப்டன் யார் தெரியுமா? 'காட்ஃபாதர்' படத்தில் மைக்கேல் கார்லியோன் ஒரு ஹோட்டலில் வைத்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் போலீஸ் கேப்டனை நெற்றியில் சுடுவாரே, அல் பசினோவின் கண்கள் அலைபாயுமே, அந்தக் காட்சி. செத்து விழும் போலீஸ் கேப்டன் மெக்ளஸ்கியாக நடித்தவர் ஸ்டெர்லிங் ஹேடன். சினிமாவுக்கு வருவதற்கு முன் அவர் மாலுமி. அந்தக் கடைசிப் பந்தயத்தில் தீபாட் கப்பலில் இருந்தவர். அவர் முதன்முதலில் தலைமை ஏற்று ஓட்டிய கப்பல் எது? நம்முடைய அன்னபூரணி! 22 வயதில் க்ளாஸ்டரிலிருந்து பசிபிக் சமுத்திரத்தின் தாஹிதித் தீவு வரை 7,700 மைல் ஓட்டிக்கொண்டு போனார். ஹாலிவுட் வாழ்க்கைக் குறிப்புகளில் இந்த வரி தவறாமல் இருக்கும். 'ஃப்ளாரன்ஸ் சி. ராபின்சன் என்ற கப்பல்' என்றுதான் போடுவார்கள். அது வல்வெட்டித்துறை மணலில் பிறந்தது என்பதைச் சொல்ல அங்கே இடம் இருப்பதில்லை.

*

அன்னபூரணி க்ளாஸ்டர் வந்து சேர்ந்த அதே 1938-ல் ராபின்சனின் தளத்திலிருந்து 'ஸ்விஃப்ட் ஆஃப் இப்ஸ்விச்' என்று ஒரு கப்பல் கடலில் இறங்கியது. 1778-ம் வருஷத்து 'ஸ்விஃப்ட்' என்ற கப்பலை ஜாடையாக வைத்துக் கட்டியது. அசல் ஸ்விஃப்ட், அமெரிக்க சுதந்திரப் போர் சமயத்தில் எதிரி வணிகக் கப்பல்களைப் பிடிக்க லைசென்ஸ் வாங்கிய கப்பல். லைசென்ஸ் வாங்கிய கொள்ளைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகல் ஸ்விஃப்ட்டின் தொழில் அதெல்லாம் கிடையாது. பணக்காரர்கள் வார இறுதியைக் கழிக்க ஒரு யாட். 1940-களில் அதை வைத்திருந்தவர் ஜேம்ஸ் கேக்னி. கறுப்பு வெள்ளைப் படங்களில் துப்பாக்கியும் கையுமாக அலைந்த அதே ஹாலிவுட் வில்லாதி வில்லன். பிற்பாடு அது லாஸ் ஏஞ்சலஸில் சிறுவர்களுக்குப் பாய்க்கப்பல் ஓட்டச் சொல்லித்தரும் பயிற்சிக் கப்பலாகவும் இருந்தது.

யுத்தம் வந்தபோது அதே தளம் அமெரிக்கக் கடற்படைக்கு ஏறக்குறைய 200 கலங்கள் கட்டிக் கொடுத்தது. கண்ணிவெடி அகற்றும் கப்பல்கள், கரையிறங்கு படகுகள். கடலடிக் கண்ணிகளில் சில, இரும்பு உடம்பு பக்கத்தில் வந்தால் வெடிக்கும். அந்த வேலைக்கு மரக் கப்பல்தான் லாயக்கு. பழைய பாணியில் பொழுதுபோக்காக உளி பிடித்தவர்களின் கைகள் யுத்தத்துக்குப் பயன்பட்டன. ராபின்சன் என்ற பணக்கார மருமகனை எனக்குப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். அவர் பழசை வாங்கி ஷோகேஸில் வைக்கவில்லை. ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து, செய்யவைத்தார்.

1942-ல் தனக்கென்று ஒரு கப்பல் கட்டிக்கொண்டார். அமெரிக்கக் கோப்பைப் பந்தயங்களில் ஜெயித்த படகுகளை வடிவமைத்த ஸ்டார்லிங் பர்ஜெஸ் என்ற மேதை துணைக்கு இருந்தார். 70 அடி. முன் பாய்மரத்தில் பழங்காலக் கப்பல்கள் மாதிரி குறுக்குக் கழிகள், அதில் சதுரப் பாய்கள். உள்ளே டீசல் இன்ஜின். கப்பலின் பெயர் 'வருவா'. தாஹிதி மொழியில் ஆத்மா, ஆவி என்று அர்த்தம். இங்கிலீஷில் சொன்னால் ஸ்பிரிட்! பாண்ட் படகுக்கு அறுபது வருஷம் முன்பே, இன்னொரு இப்ஸ்விச்சில் இன்னொரு ஸ்பிரிட். முடிந்து வைக்கச் சொன்னேன் அல்லவா, அவிழ்த்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் முடிந்ததும் 1945-ல் வருவாவை ஓட்டிக்கொண்டு ராபின்சன் தாஹிதி போனார். அங்கேயே தங்கிவிட்டார். ஃப்ளாரன்ஸோடு உறவு அதற்கு முன்பே முறிந்துவிட்டது. தீவில் அவர் பார்த்தது சொர்க்கத்தை மட்டும் அல்ல. யானைக்கால் நோய். கும்பகோணத்துக்காரர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. தாஹிதியிலும் வீட்டுக்கு வீடு அதே கொடுமை. ராபின்சன் தன் பணத்தைப் போட்டு, டாக்டர்களை வரவழைத்து, யானைக்கால் ஆராய்ச்சிக்கு அங்கே ஒரு நிறுவனம் உருவாகக் காரணமாக இருந்தார்.

*

சரி, வல்வெட்டித்துறை?

அடி ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தது. 1914-லேயே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் ரயிலோடு இணைந்த நீராவிக் கப்பல் வந்து சரக்கில் ஒரு பங்கைத் தட்டிக்கொண்டது. 1942-ல் பர்மாவை ஜப்பான் பிடித்ததும் ரங்கூன் அரிசி நின்றது. இரண்டு நாடும் சுதந்திரம் வாங்கிய பிறகு, காலங்காலமாகப் பக்கத்து வீட்டுக்குப் போவது போலப் போய்வந்த கடலுக்கு பாஸ்போர்ட், விசா, கஸ்டம்ஸ் என்று கேட் போட்டார்கள். நேற்று வரை வியாபாரம் என்று இருந்தது, ஒரே கையெழுத்தில் கடத்தல் ஆனது. 1964 டிசம்பர் புயல், நம் தனுஷ்கோடியை விழுங்கியதே, அது அந்தக் கரையையும் விட்டுவைக்கவில்லை. பிறகு 1983-லிருந்து 2009 வரை என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். கடலில் இறங்கவே தடை இருந்த வருஷங்கள் அவை. ஏரா போடுவது எங்கே!

மேஸ்திரி சாகும்போது கப்பலும் சேர்ந்து சாகிறது என்பதுதான் வரைபடம் இல்லாத தொழிலின் சங்கடம். க்ளாஸ்டரும் தொழிலை இழந்த ஊர்தான். ஆனால் அந்தக் கரையில் காகிதம் இருந்தது. காசு இருந்தது. ப்ளூநோஸ் 1946-ல் ஹைத்தி பக்கம் பாறையில் மோதி அழிந்தது. 1963-ல் ஒரு பீர் கம்பெனிக்காரக் குடும்பம், அசலைக் கட்டிய அதே தளத்தில் 'ப்ளூநோஸ் II' கட்டவைத்தது. பதினேழு வருஷ இடைவெளிதான். கை மறப்பதற்குள் வேலை வந்துவிட்டது. பீர் விளம்பரத்துக்காக வந்தால் என்ன, வந்ததே!

நம் பக்கம் தூத்துக்குடியில் மட்டும் கொஞ்சம் மூச்சு மிச்சம். அங்கேயும் மரத் தோணிகளில் டீசல் இன்ஜின் வந்து பாயின் வேலையைப் பறித்துக்கொண்டது. ஆனால் பலகை அடிப்பதும் கலப்பத்து பார்ப்பதும் ஒரேயடியாக அற்றுப்போகவில்லை.

2025 மே மாதம் இந்தியக் கடற்படை கார்வார் துறைமுகத்தில் ஒரு கப்பலைச் சேர்த்துக்கொண்டது. ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யா. ஆணி அடிக்காமல், பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்துக் கட்டிய பாய்க்கப்பல். ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய பாணி. தையல் வேலையைச் செய்தவர்கள் பாபு சங்கரன் என்ற மேஸ்திரியின் தலைமையில் கேரளத்துக் கைவினைஞர்கள். கப்பலின் உருவத்துக்கு என்ன ஆதாரம் வைத்துக்கொண்டார்கள் தெரியுமா? வரைபடம் கிடையாது. அசல் கப்பல் ஒன்றுகூட மிச்சமில்லை. அஜந்தா குகைச் சுவரில் இருந்த ஓர் ஓவியத்தைப் பார்த்து வடிவத்தை ஊகித்தார்கள். அந்த ஊகம் தண்ணீரில் மிதக்குமா என்பதை மாதிரி செய்து சோதித்துப் பார்க்கத் துணை நின்றவர்கள், நம் சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறைக்காரர்கள்.